உப்புப்புளி போட்ட பெட்டிசம்

கொழும்பு,
12.2.1984

அன்பு மச்சாள் குணத்துக்கு,

நீர் பஸ்ஸில் கொடுத்துவிட்ட இதரை வாழைக்குலை வந்து சேர்ந்தது. பாதி வழியிலேயே பழுத்துவிட்டது. குவாட்டர்ஸில் என்னோடு இருக்கிற நேர்ஸ்மாருக்கு எல்லாம் சீப்புச் சீப்பாகப் பிரித்துக் கொடுத்தேன். உங்கள் நீர்வேலியில் எங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கே ஒன்று அகப்படாத ஊர் என்று சொல்லி வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வழக்கைக் கொழும்புக்கு மாற்றிவிட்டார்கள். எதிரிகளான பொலிஸ்காரருக்கு யாழ்ப்பாணத்தில் பாதுகாப்பில்லையாம். என் தம்பி சைக்கிளில் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய்ப் பிரேதமாகத் திரும்பி வந்தான். ஆனால் பாதுகாப்பு இல்லாதது அவர்களுக்கு! ஒரு சார்ஜன், ஒரு கான்ஸ்டபிள், இந்த இரண்டு பேர் மீதும் கொலைக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். சீவரத்தினம் செத்து ஒரு வருசம் ஆகப் போகிறது. இவ்வளவாவது நடந்ததே என்று கும்பிட்டேன்.

ஒரு கரைச்சல் இருக்கிறது. எங்களுக்காக வழக்கைக் கவனிக்கும் அப்புக்காத்து பிலிப்பு சொன்னார், எதிரிகளின் கையில் ஒரு பெட்டிசம் இருக்கிறதாம். அவன் சாகிறதுக்கு இரண்டு கிழமைக்கு முன் ஸ்டேசனுக்கு வந்த மொட்டைப் பெட்டிசம், கையெழுத்து இல்லை. சீவரத்தினம் நாள் தவறாமல் குடிக்கிறவன், வாய்க்காலிலும் கிணற்றிலும் விழுந்து எழும்புகிறவன், உடம்பில் காயம் இல்லாத இடம் இல்லை, பெண்சாதியை உலக்கையால் அடிக்கிறவன் என்று எழுதியிருக்கிறதாம். அதைக் காட்டி, குடிவெறியில் வந்தவன் ஸ்டேசன் படியில் விழுந்து செத்தான் என்று சொல்லப் போகிறார்கள்.

இதை எழுதினவன் யார்? வடக்கு வேலிக்கார அருளம்பலமாக இருக்குமோ? ஒரு வேலிக் கதியாலுக்காக ஒரு மாதம் கதையாமல் இருந்தவன் அல்லவா! எவனாக இருந்தாலும் அந்தக் கை புழுத்துப் போக. நீர் ஊரில் இருக்கிறீர். மெல்ல விசாரித்து எழுதும்.

மகள் யோகராணியை இருமலோடு பள்ளிக்கூடம் விட வேண்டாம்.

உமது மச்சாள்,
பராசக்தி

நீர்வேலி,
4.3.1984

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, வழமைபோலக் கூரை வளையில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்தேன். நீங்கள் எழுபத்தொன்றில் கொழும்புக்குப் போன நாள் முதல் எழுதியதெல்லாம் திகதி வரிசையில் அதில் இருக்கிறது. கடைக்காரன் துண்டு குத்துகிற மாதிரிக் குத்துகிறீர் என்று உங்கள் தம்பி பகிடி பண்ணுவார்.

அவருடைய முதல் வருச ஆட்டைத் திவசம் நேற்று முடிந்தது. உங்களுக்கு லீவு கிடைக்காதது எனக்குத் தெரியும், அதற்காக அழ வேண்டாம். தோட்டம் பரவாயில்லை. தண்ணீர் இறைக்கிற மெசினை இப்போது நானே கயிறு சுற்றி இழுக்கிறேன். முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை. பிடிக்காவிட்டால் அதை அவருடைய பெயர் சொல்லி ஏசுகிறேன்.

அருளம்பலம் அண்ணையைச் சந்தேகிக்க வேண்டாம். பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான். அவராக இராது. நான் விசாரிக்கிறேன். ஆனால் விசாரித்து என்ன செய்யப் போகிறோம், மச்சாள்? எழுதினவர் எழுதிவிட்டார்.

இன்னும் ஒன்று எழுத இருந்தேன். தாள் முடிகிறது.

அன்புடன்,
குணலட்சுமி

கொழும்பு,
22.3.1984

அன்பு குணம்,

தாள் முடிகிறது என்று எழுதினீர். கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. உமக்குக் கள்ளம் செய்யத் தெரியாது, முயற்சி செய்ய வேண்டாம்.

பிலிப்பு எனக்குப் பிரேத பரிசோதனை றிபோட்டைக் காட்டினார். நான் நேர்ஸ் என்பதால் தாங்குவேன் என்று நினைத்தார். பதின்மூன்று வருசமாக எத்தனையோ றிபோட் வாசித்தவள், அவனுடையதை வாசிக்கும்போது எழுத்துத் தெரியவில்லை. குணம், அவனுடைய இரண்டு உள்ளங்காலிலும் கன்றின காயம். விழுகிறவனுக்கு முழங்காலில் படும், தலையில் படும். உள்ளங்காலில் எப்படிப் படும்? சின்ன வயதில் முள்ளுத் தைத்தால் அந்தக் காலை என் மடியில் போட்டுக்கொண்டு, "அக்கா, நோகாமல் எடு" என்று கேட்பான்.

ஆனால் அந்தப் பெட்டிசம் குறுக்கே கிடக்கிறது. அவனுக்கு முதலே உடம்பெல்லாம் காயம் என்று அதில் இருக்கிறதால், எந்தக் காயத்தையும் பழைய காயம் என்று சொல்லிவிடுவார்கள். எழுதினவர் வந்து, அதில் உள்ளது பொய் என்று சத்தியம் பண்ணிச் சொன்னால் மாத்திரம்தான் அது உடையும் என்கிறார் பிலிப்பு. போன கடிதத்தில் கை புழுத்துப் போக என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். யாராக இருந்தாலும் சரி, ஒரு சொல்லும் ஏச மாட்டேன் என்று சொல்லும். காலில் விழச் சொன்னாலும் விழுவேன்.

பராசக்தி

நீர்வேலி,
9.4.1984

மச்சாள்,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அடுப்பில் போட்டேன். இது நாலாவது. இருந்துகொண்டு வாசியுங்கள்.

அந்தப் பெட்டிசம் என்னுடையது.

கார்த்திகைக் காற்றில் வாழை எல்லாம் முறிந்த பிறகுதான் அவர் கள்ளுத் தவறணைப் பக்கம் போகத் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். வெறியில் வந்தால் அவர் செய்கிறது இரண்டு காரியம். தேவாரத்தைச் சினிமா மெட்டில் படிப்பார், யோகராணிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வெளிக்கிடுவார். அவள் பள்ளிக்கூடத்தில் பிழை வாங்கிக்கொண்டு வருவாள். ஒருநாளும் என் மேல் கை ஓங்கவில்லை. ஒரேயொரு தரம் வாய்க்காலில் விழுந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே எழும்பினார். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை விட்டுப் போகிற மாதிரி எனக்குப் பயம். பொலிஸில் கூப்பிட்டு ஒரு வெருட்டு வெருட்டினால் நிற்பாட்டிவிடுவார் என்று நினைத்தேன். ஊரில் எத்தனை பெண்டுகள் அப்படிச் செய்து, புருஷன்மார் திருந்தி நல்லாக இருக்கிறார்கள்.

சந்தியில் பெட்டிசம் எழுதுகிற கனகலிங்கத்திடம் போனேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "பிள்ளை, இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதினா ஒருத்தரும் திரும்பியும் பாராங்கள். பெட்டிசம் எண்டா உப்புப்புளி போடவேணும்" என்றார். வாய்க்காலோடு கிணற்றைச் சேர்த்தார். காயத்தைச் சேர்த்தார். உலக்கையைச் சேர்த்தார். எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். உலக்கை வேண்டாம் என்று சொன்னேன். உலக்கை இல்லாவிட்டால் பெட்டிசம் நிற்காது என்றார். நானும் ஓம் என்றேன், மச்சாள். என் பெயரைப் போட வேண்டாம் என்று மாத்திரம் கேட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கடையில் வந்து ஒரு பொலிஸ்காரன் சொல்லிவிட்டுப் போனான், சீவரத்தினத்தைப் பின்னேரம் ஸ்டேசனுக்கு வரச் சொல்லி. அன்றைக்கு அவர் ஒரு துளியும் குடிக்கவில்லை. பெரிய இடத்துக்குப் போகிறேன் என்று குளித்தார். மினுக்குப் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு, அவருடைய வெள்ளைச் சேட்டை நான்தான் மினுக்கிக் கொடுத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு, "என்னத்துக்குக் கூப்பிடுகினம் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"வேலி விஷயமாக்கும். இஞ்சாரும், தேத்தண்ணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் குடித்திருந்தார் என்று ஏன் சொல்லுகிறார்கள்? யாரோ என் பெட்டிசத்தை வாசித்துவிட்டு, உண்மையைச் சொல்லு, மனுசியை அடிக்கிறனிதானே என்று கேட்டிருப்பார்கள். அவர் இல்லை என்றிருப்பார். இல்லை என்று சொல்லச் சொல்ல அடித்திருப்பார்கள். ஒரு வருசமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மரண விசாரணையில் நீதவான் முன்னுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் வாய் எழும்பவில்லை. அதைவிட, நீங்கள் என்னை விட்டுவிடுவீர்கள் என்ற பயம். நீங்கள் ஒரு சொல்லும் ஏச மாட்டேன் என்று எழுதினீர்கள். ஏசுங்கள். நான் கோட்டுக்கு வருவேன்.

குணம்

கொழும்பு,
30.4.1984

திருமதி சீவரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைத் திரு. பிலிப்பு அவர்களிடம் கொடுத்துள்ளேன். அழைப்பாணை உங்கள் விலாசத்துக்கு வரும்.

யார் உங்களுக்கு இந்தப் புத்தி சொல்லித் தந்தது என்று மாத்திரம் அறிய விரும்புகிறேன்.

இதைக் கம்பியில் குத்த வேண்டாம். இனிப் பழமும் அனுப்ப வேண்டாம்.

ப. பராசக்தி

நீர்வேலி,
21.5.1984

அன்பு மச்சாளுக்கு,

திருமதி என்று எழுதியிருந்தீர்கள். கலியாணம் கட்டிப் பதினைந்து வருசத்தில் ஒருவரும் என்னை அப்படி மரியாதையாகக் கூப்பிடவில்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் கம்பியில் குத்தித்தான் வைத்திருக்கிறேன். திகதி விடுபடக் கூடாது.

கேட்டதற்கு மறுமொழி. எனக்கு ஒருவரும் புத்தி சொல்லித் தரவில்லை. என் புத்திதான்.

யோகராணிக்கு நானே சொன்னேன், கோட்டில் இருந்து அவள் காதுக்குப் போகக் கூடாது என்று. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, மெசின் கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

கனகலிங்கம், தான் எழுதினதை ஒப்புக்கொள்ள மாட்டாராம். இது ஆயிரம் பேருக்கு எழுதிய கை, பிள்ளை, எதை எழுதினது என்று எப்படி ஞாபகம் இருக்கும் என்கிறார். ஆகவே நான் ஒருத்திதான். பொய்ப் பெட்டிசம் என்று என்னையும் பிடித்து மறியலில் போடலாம் என்று ஊரில் வெருட்டுகிறார்கள். போட்டால் யோகராணியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். உங்களுக்கு என்னோடுதான் கோபம்.

பழம் அனுப்புகிறேன். இந்த முறை கப்பல் வாழை. சாப்பிடாவிட்டால் வார்ட்டில் கொடுங்கள்.

குணம்

கொழும்பு,
28.8.1984

குணம்,

வழக்குச் செப்டெம்பர் பதினேழாம் திகதி. இரண்டு நாளைக்கு முன்னமே வாரும். ரயிலில் அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டு வாரும், தனியே வர வேண்டாம். கோட்டை ஸ்டேசனில் நான் நிற்பேன். கீழே இறங்கினதும் தமிழில் சத்தமாகக் கதைக்க வேண்டாம். போன வருசத்து ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் இங்கே மெல்லக் கதைத்துப் பழகிவிட்டோம். நாங்கள் எல்லாரும் வெளியே போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போகிறோம். உமக்கு அந்தக் கரைச்சல் இல்லை என்று எழுத வந்தேன். எழுதிவிட்டுப் பார்க்க மனது தாங்கவில்லை.

இரவில் ரயிலில் குளிரும், கம்பளிச் சால்வை ஒன்று எடுத்து வாரும். பழம் சாப்பிட்டேன்.

பராசக்தி

கொழும்பு,
19.11.1984

அன்பு மச்சாள்,

இன்றைக்குத் தீர்ப்பு. சார்ஜனுக்கு ஐந்து வருசம். கான்ஸ்டபிளை விட்டுவிட்டார்கள். சார்ஜன் அப்பீல் எடுத்து, பின்னேரமே பிணையில் போய்விட்டான். இவ்வளவுதான். வாசலில் நின்று அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியாது.

நீதிபதி பெட்டிசத்தைக் கையில் தூக்கி, இதை நம்ப முடியாது, எழுதுவித்தவளே பொய் என்கிறாள், உள்ளங்காலில் விழுகிற மனிதனை நான் இன்னும் காணவில்லை என்றார். கோட்டு முதலியார் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் வரை நான் காத்திருக்கவில்லை, எனக்குச் சிங்களம் விளங்கும்.

அன்றைக்கு நீர் சாட்சிக் கூட்டில் நின்றதைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை. என் கட்டிலில் நீர் படுத்தீர், நான் நிலத்தில் படுத்தேன், இரண்டு பேரும் நித்திரை மாதிரி நடித்தோம். இப்போது எழுதுகிறேன். எதிரிகளின் அப்புக்காத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, இது உண்மையா, இது உண்மையா என்று கேட்டான். நீர் பொய், பொய் என்று சொல்லிக்கொண்டு வந்தீர். வாய்க்காலில் விழுந்தது என்று கேட்டபோது, "அது உண்மை. ஒருக்கா" என்றீர். கோட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒருக்காதான் உம்மை நம்ப வைத்தது என்று பிலிப்பு சொல்லுகிறார். அப்படியானால் நீர் பொய் சொல்லுகிற பெண்தானே என்று அவன் மடக்கினான். நீர் குரலை உயர்த்தவில்லை.

"ஓம். அண்டைக்குச் சொன்னது பொய். அவரைத் திருத்தித் தருவினம் எண்டு நம்பிச் சொன்னன். நம்பினது உவையளைத்தான்" என்று எதிரிகளைக் காட்டினீர்.

அந்தச் சார்ஜன் அப்போதுதான் முதல் தரமாகத் தலையைக் குனிந்தான். பெட்டிசம் எழுத யார் சொல்லித் தந்தது என்று பிறகு அந்த அப்புக்காத்து கேட்டான். "ஒருத்தரும் இல்லை, என்ரை புத்தி" என்றீர்.

நான் உமக்குத் திருமதி என்று எழுதினேன். அதற்கு என்னை மன்னியும். மாசியில் லீவு எடுத்துக்கொண்டு திவசத்துக்கு வருவேன்.

பராசக்தி

நீர்வேலி,
9.12.1984

அன்பு மச்சாளுக்கு,

தீர்ப்பைப் படத்தடியில் வைத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து வருசம் அவருக்குப் போதாது என்றிருப்பார், பிறகு பாவம் அந்தச் சார்ஜனுக்கும் பிள்ளைகள் இருக்கும் என்றிருப்பார். உங்களுக்கு அவரைத் தெரியும்தானே.

மன்னியும் என்று எழுதி என்னை வெட்கப்படுத்த வேண்டாம். வாருங்கள். உங்கள் படுக்கை அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். இங்கே நீங்கள்தான் கட்டிலில், நான்தான் நிலத்தில்.

குணம்

கொழும்பு,
30.3.1985

என் குணம்,

திவசம் முடிந்து வந்து மூன்று கிழமை ஆகிறது. மறுமொழி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

திவசத்தன்று மத்தியானம் நீர் அடுப்படியில் நின்றீர். நான் அறையில் இருந்து கம்பியை இறக்கி, பழைய கடிதங்களை வாசித்தேன். என்னுடைய குமர்க் காலத்தைப் பார்க்கிற ஆசை. நான் ஒவ்வொரு வருசமும் பொங்கலன்று உமக்கு எழுதுகிறேன், பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று கேட்டு. எழுபத்திரண்டுப் பொங்கல் இருந்தது. எல்லாம் இருந்தது. எண்பத்து மூன்றுப் பொங்கல் மாத்திரம் இல்லை. திகதி விடாமல் குத்துகிறவள் நீர். எலி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திருப்பித் தொங்கவிட்டேன்.

திரும்பி வரும்போது, வவுனியாவில் பஸ்ஸை மறித்துச் சோதனை போட்டார்கள். வெயிலில் வரிசையில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று சொல்லட்டுமா? நீர் அவனுடைய குடியைப் பற்றி எழுதியிருந்தீர். நான் சிரித்துக்கொண்டு எழுதினேன், எங்கள் வார்ட்டில் வேலை செய்கிற ஒருத்தி புருஷனைப் பொலிஸில் சொல்லி ஒரு வெருட்டு வெருட்டினாள், ஆள் பூனை மாதிரி ஆகிவிட்டான், நீரும் செய்து பாரும் என்று. எழுதி, தபாலில் போட்டு, மறந்தும் போனேன்.

நீர் மறக்கவில்லை. யார் உமக்குப் புத்தி சொன்னது என்று கேட்டேன், ஒருவரும் இல்லை என்று எழுதினீர். கூட்டில் சத்தியம் பண்ணிக்கொண்டும் ஒருவரும் இல்லை என்றீர். அன்றைக்கு நீர் சொன்ன ஒரேயொரு பொய் அதுதான். அதைச் சொல்லும்போது நீர் என் பக்கம் பார்க்கவில்லை, எனக்கு இப்போது விளங்குகிறது.

நான் உம்மைத் திருமதி என்றேன், குணம். பழம் வேண்டாம் என்றேன். நீர் ஒரு வரியால் என் வாயை அடைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை?

உமது,
சக்தி

நீர்வேலி,
14.4.1985

அன்பு மச்சாளுக்கு,

எலி தின்றது என்றே இருந்திருக்கலாம். வவுனியாவில் மறித்தவர்களைத்தான் ஏச வேண்டும்.

அந்தக் கடிதத்தைக் கோட்டுக்குப் பயந்து நான் எரிக்கவில்லை. அப்போது கோடும் இல்லை, வழக்கும் இல்லை. அவர் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, நீங்கள் விறாந்தையில் கிடந்து, என் தம்பிக்கு ஆர் வினை வைச்சது என்று கேட்டுக் கேட்டு அழுதீர்கள். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று யாராவது கம்பியைக் கொண்டுவந்து பழைய கடிதங்களைக் காட்டினால் என்ன செய்வது என்று பயந்தேன். உருவி எடுத்து அடுப்பில் வைத்தேன். மேலே தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் உங்களுக்கு ஊற்றித் தந்தேன். சீனி கூடிப்போச்சு என்று சொன்னீர்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னது பகிடிக்கு, செய்தது நான். ஓம் என்று சொன்னது நான், தெரியாது என்று சொன்னது நான். அதோடு, மச்சாள், எனக்கு இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான். ஒருவரைப் பொலிஸில் கொடுத்துவிட்டேன். மற்றவரையும் கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்காகத் தெய்வம் என்னைக் கேட்டால், நானே மறுமொழி சொல்லிக்கொள்கிறேன்.

இதற்காக நீங்கள் இனி ஒருநாளும் அழக் கூடாது. அழுதால் பழம் அனுப்ப மாட்டேன்.

இன்றைக்கு வருசப் பிறப்பு. மெசின் முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது. உங்கள் கடிதத்தை யோகராணி கண்ணில் படாமல் வாசித்தேன், பிறகு அவளையே கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். அவள்தான் கம்பியை இறக்கி, எண்பத்து மூன்றுப் பொங்கல் இருந்த இடத்தில் இதைக் குத்தினாள். திகதி பிசகிக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

உங்கள்,
குணம்